கடல் நடுவே நின்ற இயந்திரம்
(வானோடி கிங்ஸ்போர்டு சிமித்தின் வாழ்க்கை வரலாறு)

மாலை வேளையில் நம் பள்ளித் திடலில் விளையாடும் மாணவர்கள், தலைக்கு மேலே விமானம் ஒன்று செல்லக் கண்டால் பந்தை மறந்துவிடுவர். கடலுக்கு அப்பால் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் நிலையத்தை நோக்கி அது தாழ்ந்து சென்று மறையும் வரை அண்ணாந்து பார்த்தபடியே நிற்பர். அவ்வாறு நின்ற நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு நாள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். சாலையில் செல்லும் பேருந்து பழுதானால் ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் செல்லும் விமானத்தின் இயந்திரம் நின்றுவிட்டால் அதை எங்கே நிறுத்துவது? இதுவே அவன் கேட்ட கேள்வி.

நல்ல கேள்வி. அன்று மணி அடித்துவிட்டமையால் சுருக்கமாகவே விடை கூறினோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், இக்கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே விடையாகச் சொல்லலாம் என்று தோன்றிற்று. அம்மனிதர் ஆஸ்திரேலிய நாட்டு வானோடியான சர் சார்லஸ் கிங்ஸ்போர்டு சிமித். அவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அவர் வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. நம் அண்டை மாநிலமான கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாருக்கு அவர் அஞ்சல் மூட்டைகளை மீட்க வந்தார். நம் கடலின் வடபால் விரிந்து கிடக்கும் அந்தமான் கடலின் மேல் பறந்தபோதே அவர் இறுதியாகக் காணப்பட்டார். ஆகவே அவர் வரலாற்றை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

இளமைப் பருவம்

சார்லஸ் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். தந்தையார் வங்கியில் பணி புரிந்தவர். குடும்பம் சில ஆண்டுகள் கனடா நாட்டில் வாழ்ந்து, பின்னர் சிட்னி நகருக்குத் திரும்பியது. அங்கே போண்டி கடற்கரையில் 1907ஆம் ஆண்டில் நீராடச் சென்ற சிறுவனைக் கடல் இழுத்துச் சென்றது. கரையில் இருந்தோர் பாய்ந்து சென்று மீட்டனர். அப்போது அவனுக்கு வயது ஒன்பது. பின்னாளில் பெருங்கடல்களை விமானத்தில் கடந்த அவர், முதன்முதலில் கடலோடு போராடியது அன்றுதான்.

பள்ளியில் தொழிற்கல்வி பயின்ற அவர், பதினாறாம் வயதில் ஒரு சீனி நிறுவனத்தில் பொறியியல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இயந்திரங்களைக் கழற்றுவதும் துடைப்பதும் பூட்டுவதும் அவர் கற்ற முதல் பாடங்கள். நம் தோட்டத்து ஆலைகளிலும் பட்டறைகளிலும் இளைஞர்கள் எண்ணெய்க் கறை படிந்த கையோடு பழகும் பாடங்களும் இவையே அன்றோ?

முதல் உலகப் போர் மூண்டதும் 1915இல் அவர் படையில் சேர்ந்தார். கல்லிப்போலிப் போர்முனையில் பணியாற்றினார்; செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரராகவும் இருந்தார். பின்னர் விமானப் படைக்கு மாற்றம் பெற்று, 1917இல் விமானியானார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சு நாட்டின் மேல் பறந்தபோது எதிரியின் குண்டுகள் தாக்கின. அவர் உயிர் தப்பினார்; ஆனால் இடது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அவ்வீரத்திற்காக இராணுவச் சிலுவை என்னும் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1919இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானப் போட்டி ஒன்று நடைபெற்றது. அதில் கலந்துகொள்ள அவர் பெரிதும் ஆவல் கொண்டார். நெடுந்தொலைவு வழியறிந்து செல்லும் பயிற்சி அவருக்குப் போதாது என்று கூறி அனுமதி மறுத்துவிட்டனர். அவர் மனம் தளரவில்லை. தாயகம் திரும்பி, மேற்கு ஆஸ்திரேலியாவில் அஞ்சலும் பயணிகளும் ஏற்றிச் செல்லும் விமானியாகப் பல்லாயிரம் மைல் பறந்து பழகினார். தகுதி போதாது என்று சொல்லப்பட்டால் தகுதியைத் தேடிக்கொள்வதே அறிவுடையார் செயல்.

தென்சிலுவை

அவருடைய புகழ் பெற்ற விமானத்தின் பெயர் சதர்ன் கிராஸ். தென்சிலுவை என்னும் விண்மீன் கூட்டத்தின் பெயர் அது. நம் முன்னோர் அதனைத் திரிசங்கு என்று வழங்கினர். சித்திரை, வைகாசி மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில், நம் தோட்டத்திலிருந்து தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே அந்நான்கு விண்மீன்களையும் காணலாம். தென்கடலில் செல்வோர்க்குத் திசை காட்டுவது அது.

இன்றைய பெரும் விமானங்களோடு ஒப்பிட்டால் சதர்ன் கிராஸ் மிகச் சிறியது. மரத்தாலான இறக்கை, இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடல், முன்மூக்கில் ஓர் இயந்திரம், இரு பக்கமும் இறக்கைக்குக் கீழே ஒவ்வோர் இயந்திரம். ஆக மூன்று இயந்திரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 குதிரைத்திறன் கொண்டது. விமானி அமரும் அறையிலேயே மழைநீர் ஒழுகும். இயந்திரங்களின் பேரிரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேளாது. காகிதத்தில் எழுதிக் காட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

இவ்விமானத்தில் 1928ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், அமெரிக்காவின் ஓக்லந்து நகரிலிருந்து கிங்ஸ்போர்டு சிமித் புறப்பட்டார். உடன் சென்றோர் மூவர். துணை விமானி சார்லஸ் உல்ம், வழியறிவோர் ஹேரி லயன், கம்பியில்லாத் தந்தி இயக்குநர் ஜேம்ஸ் வார்னர். ஹவாய்த் தீவிலும் பிஜித் தீவிலும் இறங்கி, ஜூன் 9ஆம் நாள் பிரிஸ்பேன் நகரை அடைந்தனர். பசிபிக் மாகடலை அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை விமானத்தில் கடந்தோர் அவர்களே முதல்வர். ஹவாயிலிருந்து பிஜி வரை மட்டும் முப்பத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது பறந்தனர். கீழே ஒரு கப்பலும் இல்லை. இறங்க ஒரு திட்டும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்கு டாஸ்மன் கடலையும் முதன்முதலாக இடைநில்லாது கடந்தனர்.

புகழோடு வந்த பழி

உயர்ந்தோர் வாழ்விலும் துயரம் உண்டு. அதனை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. 1929ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், இங்கிலாந்து செல்லும் வழியில் கிங்ஸ்போர்டு சிமித்தும் தோழர் மூவரும் புயல் மழையில் வழி தவறினர். வடமேற்கு ஆஸ்திரேலியாவில் மனிதர் வாழாத ஒரு சேற்று நிலத்தில் இறங்க நேர்ந்தது. ஏறத்தாழ இரு வாரங்கள் பசியோடு கிடந்த பின்னரே அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டனர்.

இதற்கிடையே அவருடைய பழைய தோழர் கீத் ஆண்டர்சன், ஹிட்ச்காக் என்னும் இயந்திரப் பணியாளரோடு சிறு விமானம் ஒன்றில் அவர்களைத் தேடப் புறப்பட்டார். வழியில் இயந்திரம் கோளாறு செய்தது. தனாமிப் பாலைவனத்தில் இறங்கினர். அங்கிருந்து மீண்டும் மேலெழ இயலவில்லை. போதிய தண்ணீரும் கொண்டு செல்லவில்லை. தேடப் போன இருவரும் தாகத்தால் மாண்டனர். தேடப்பட்ட நால்வரும் பிழைத்தனர்.

விளம்பரத்துக்காகவே கிங்ஸ்போர்டு சிமித் காணாமற் போனதாக நடித்தார் என்று சிலர் பழி தூற்றினர். விசாரணைக் குழு அப்பழியைத் தள்ளியது. எனினும் இரு உயிர் போன துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. இயந்திரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது நின்றால் என்ன செய்வது என்று தரையில் இருக்கும்போதே எண்ணித் தண்ணீரும் உணவும் கருவியும் எடுத்துச் செல்ல வேண்டும். ஆண்டர்சன் உயிரைக் கொடுத்து உலகுக்கு விட்டுச் சென்ற பாடம் இது.

அலோர் ஸ்டாரில் கிடந்த கடிதங்கள்

1931ஆம் ஆண்டு நத்தார் பெருநாளுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கடிதங்களை ஏற்றிக்கொண்டு சதர்ன் சன் என்னும் விமானம் புறப்பட்டது. கிங்ஸ்போர்டு சிமித்தும் உல்மும் நடத்திய நிறுவனத்தின் விமானம் அது. நவம்பர் 26ஆம் நாள் அலோர் ஸ்டாரில், மழையில் ஊறிய திடலிலிருந்து மேலெழ முயன்றபோது அது விபத்துக்குள்ளாயிற்று. அதில் இருந்தோர் உயிர் பிழைத்தனர். கடிதங்களும் தப்பின. ஆனால் அவற்றைக் கொண்டு செல்ல விமானம் இல்லை.

செய்தி அறிந்த கிங்ஸ்போர்டு சிமித் வாளாவிருக்கவில்லை. மற்றொரு விமானத்தில் தாமே ஆஸ்திரேலியாவிலிருந்து பறந்து வந்து, அலோர் ஸ்டாரில் அம்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, டிசம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்து சேர்ந்தார். நத்தாருக்கு முன்பே கடிதங்கள் உரியவர்களிடம் சேர்ந்தன. கடல் கடந்து வரும் ஒரு கடிதத்தின் அருமையை நம் தோட்டத்து முதியோர் நன்கறிவர். ஊரிலிருந்து கப்பலில் வரும் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த காலம் அவர்கள் நெஞ்சில் இன்றும் நிற்கிறது. கடிதம் என்பது வெறும் தாளன்று. அது கொடுத்த வாக்கு. அவர் அதனை அவ்வாறே கருதினார். இதனை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னே வரும் நிகழ்ச்சிக்கு இது வேண்டும்.

இயந்திரம் நின்ற நாள்

இனி அம்மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1935ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஆட்சிக்கு வந்த வெள்ளி விழாவையொட்டி நியூசிலாந்துக்குச் சிறப்பு அஞ்சல் கொண்டு செல்ல ஏற்பாடாயிற்று. நள்ளிரவு கழிந்ததும் சதர்ன் கிராஸ் சிட்னிக்கு அருகிலிருந்து புறப்பட்டது. அதற்குள் அது பழைய விமானம் ஆகிவிட்டது. அதில் இருந்தோர் மூவர். விமானி கிங்ஸ்போர்டு சிமித், துணை விமானியும் வழியறிவோருமான பி. ஜி. டெய்லர், கம்பியில்லாத் தந்தி இயக்குநர் ஜான் ஸ்டானேஜ்.

ஏறத்தாழ ஆறு மணி நேரம் பறந்த பின், பொழுது விடிந்த வேளையில், நடு இயந்திரத்தின் புகைபோக்கிக் குழாயில் ஒரு துண்டு உடைந்து பறந்தது. அது வலப்பக்க இயந்திரத்தின் சுழல்விசிறியில் மோதி, விசிறியின் அலகை உடைத்தது. சுழல்விசிறியின் ஒரு பக்கம் உடைந்தால் எடைச் சமநிலை கெடும். ஒரு பக்கம் தேய்ந்த சக்கரம் வண்டியை உலுக்குவது போல, அது விமானம் முழுவதையும் உலுக்கியது. இன்னும் சில நிமிடம் அவ்வாறே ஓடவிட்டிருந்தால் இயந்திரமே இறக்கையிலிருந்து பிய்ந்து விழுந்திருக்கும். கிங்ஸ்போர்டு சிமித் உடனே அவ்வியந்திரத்தை நிறுத்தினார்.

அடுத்து அவர் எடுத்த முடிவைக் கவனியுங்கள். மொத்தத் தொலைவில் பாதியைக் கூட அவர்கள் தாண்டவில்லை. முன்னே செல்வதைவிடத் திரும்புவதே குறைந்த தொலைவு. வெட்கம் கருதியோ விழாவைக் கருதியோ அவர் முன்னே செல்லவில்லை. விமானத்தைச் சிட்னி நோக்கித் திருப்பினார். எஞ்சிய இரு இயந்திரங்களால் அவ்வளவு பாரத்தையும் தாங்க முடியவில்லை. விமானம் சிறிது சிறிதாகக் கடலை நோக்கித் தாழ்ந்தது. சரக்குகளையும் பயணப் பெட்டிகளையும் கடலில் எறிந்தனர்.

இவ்வாறு சில மணி நேரம் தள்ளாடிச் சென்ற பின் இரண்டாவது இடர் வந்தது. இடப்பக்க இயந்திரத்தின் எண்ணெய் அழுத்தம் குறையத் தொடங்கிற்று. இங்கே மாணவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு எரிபொருள் உணவென்றால், எண்ணெய் அதன் குருதி. ஒன்றோடொன்று உராயும் இரும்புப் பகுதிகளுக்கு இடையே அது படலமாகப் படர்ந்து தேய்வைத் தடுக்கிறது, வெப்பத்தையும் தணிக்கிறது. எண்ணெய் வற்றினால் இரும்பு இரும்போடு உரசிப் பழுக்கக் காய்ந்து, இறுகிப் பூட்டிக்கொண்டு இயந்திரம் நின்றுவிடும். தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். இடப்பக்க இயந்திரமும் நின்றால், நடு இயந்திரம் ஒன்றினால் விமானம் பறக்க இயலாது. கீழே கடல். சிட்னியோ இன்னும் வெகு தொலைவில்.

எண்ணெய் இல்லாமலில்லை. நின்றுபோன வலப்பக்க இயந்திரத்தில் எண்ணெய் நிறைய இருந்தது. ஆனால் அது இறக்கைக்கடியில், விமானத்துக்கு வெளியே, காற்று சீறும் இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் பயனின்றிக் கிடக்கும் எண்ணெய். மறு பக்கம் அது இல்லாமல் சாகும் இயந்திரம். இரண்டுக்கும் நடுவே வெறும் காற்று வெளி.

டெய்லர் அவ்வெளியைக் கடக்க முன்வந்தார். விமானி அறையின் பக்கத் திறப்பின் வழியே வெளியேறினார். விமானத்தையும் இயந்திரத்தையும் இணைக்கும் ஒற்றைத் தாங்குகோலில் கால் வைத்து, இறக்கையின் முன்விளிம்பில் உடலைச் சாய்த்து, அடி அடியாக நகர்ந்து இயந்திரத்தை அடைந்தார். எண்ணெய்க் கலத்தின் அடைப்பைத் திறந்து, ஒரு தெர்மாஸ் குடுவையில் எண்ணெயைப் பிடித்தார். வெளியே எட்டிக் கை நீட்டிய ஸ்டானேஜிடம் அக்குடுவையைக் கொடுத்தார். ஸ்டானேஜ் அதனை ஒரு தோல்பெட்டியில் ஊற்றிச் சேர்த்தார். பின்னர் டெய்லர் இடப்பக்கமாக வெளியேறி, அதேபோல் நகர்ந்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் எண்ணெய்க் கலத்தில் அதனை ஊற்றினார். ஊற்றியதில் ஒரு பகுதியைக் காற்று அள்ளிச் சென்றது. எஞ்சியது உள்ளே சென்றது. அழுத்தமானியின் முள் மீண்டும் உயர்ந்தது.

அந்த நேரத்தில் கிங்ஸ்போர்டு சிமித் செய்த பணியும் எளிதன்று. இடப்பக்க இயந்திரம் முழு விசையில் ஓடினால், அதன் விசிறி தள்ளும் காற்று டெய்லரைக் கடலில் வீசிவிடும். ஆகவே டெய்லர் வெளியே செல்லும்போதெல்லாம் அவ்வியந்திரத்தின் விசையைக் குறைக்க வேண்டும். விசையைக் குறைத்தால் விமானம் தாழும். எனவே முதலில் இயன்ற அளவு உயர ஏறி, பின் விசையைக் குறைத்து, தோழர் எண்ணெய் ஊற்றி முடிக்கும் வரை கடலை நோக்கிச் சறுக்கி, அலைகளைத் தொடுமுன் மீண்டும் விசை கொடுக்க வேண்டும். ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருந்தது. இருவர் உயிரும் ஸ்டானேஜ் தாங்கிய குடுவையில் இருந்தது.

ஒரு முறை செய்தால் சிறிது நேரத்துக்கே போதுமானது. ஆகவே டெய்லர் மீண்டும் சென்றார். ஆறு முறை இவ்வாறு எண்ணெய் மாற்றப்பட்டது. இடையிடையே ஸ்டானேஜ் கம்பியில்லாத் தந்தி வழியே தங்கள் நிலையைக் கரைக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

அஞ்சல் மூட்டைகள் மட்டும் இன்னும் விமானத்தில் இருந்தன. அலோர் ஸ்டார் வரை பறந்து வந்து கடிதங்களை மீட்ட மனிதர் இவர் என்பதை நினைவு கூருங்கள். மற்றெல்லாவற்றையும் எறிந்த பின்னும் அவற்றை எறிய அவர் மனம் இசையவில்லை. இறுதியில் வேறு வழியில்லை என்ற நிலை வந்தபோது அவற்றையும் கடலில் தள்ள ஆணையிட்டார். வாக்கு பெரிது, ஆனால் தம்மை நம்பி உடன் வந்தோர் உயிர் அதனினும் பெரிது. எது முதலில், எது பிறகு என்று இடுக்கண் வேளையில் அறிவதே தலைமை.

அன்று பிற்பகல் சதர்ன் கிராஸ் சிட்னியில் பத்திரமாக இறங்கியது. டெய்லரின் வீரத்துக்காக 1937இல் பேரரசின் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. பின்னர் அது ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருதாக மாற்றப்பட்டது.

இறுதிப் பயணம்

அதே ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், லேடி சதர்ன் கிராஸ் என்னும் வேறொரு விமானத்தில் அவர் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அது ஒற்றை இயந்திரம் கொண்ட விரைவு விமானம். அதே விமானத்தில்தான் முந்திய ஆண்டு டெய்லரோடு, ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பசிபிக் மாகடலை எதிர்த்திசையில் முதன்முதலாகக் கடந்திருந்தார். இம்முறை உடன் சென்றவர் டோமி பெத்திபிரிட்ஜ். இந்தியாவின் அலகாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, இரவில் சிங்கப்பூர் நோக்கிப் பறந்தனர். நவம்பர் 8ஆம் நாள் விடியுமுன், அந்தமான் கடலின் மேல் அவ்விமானத்தின் புகைபோக்கித் தீச்சுடரைக் கண்டதாக அவ்வழியே சென்ற மற்றொரு விமானி தெரிவித்தார். அதன் பின் அவர்களை எவரும் காணவில்லை. சிங்கப்பூரில் காத்திருந்தோர் காத்தே இருந்தனர்.

பதினெட்டு மாதங்கள் கழித்து, 1937 மே மாதத்தில், பர்மாக் கரையை ஒட்டிய ஆயே தீவில் அவ்விமானத்தின் இறங்குகால் ஒன்று சக்கரத்தோடு கரை ஒதுங்கிக் கிடக்கக் கண்டனர். விபத்தின் காரணம் உறுதி செய்யப்படவில்லை. அவருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. அவருடைய பழைய தோழர் உல்மும் அதற்கு முந்திய ஆண்டே ஹவாய் அருகே கடலில் மறைந்திருந்தார்.

ஆஸ்திரேலிய நாடு அவரை மறக்கவில்லை. சிட்னி விமான நிலையம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1966 முதல் 1994 வரை வழங்கிய இருபது டாலர்த் தாளில் அவர் உருவம் இருந்தது. சதர்ன் கிராஸ் விமானம் பிரிஸ்பேன் விமான நிலையத்தருகே கண்ணாடி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது.

நாம் கொள்ளும் பாடம்

வானத்தில் இயந்திரம் நின்றால் எங்கே நிறுத்துவது என்று கேட்ட மாணவனுக்கு இப்போது விடை கூறுவோம். விமானத்தை வானில் நிறுத்த முடியாது. ஆனால் இயந்திரம் நின்றாலும் விமானம் கல்லைப் போல் விழாது. மூக்கைச் சிறிது தாழ்த்தி ஏற்ற வேகத்தைக் காத்தால், பருந்து சிறகடிக்காமல் மிதப்பது போல அது சறுக்கிச் செல்லும். பயிற்சிப் பள்ளிகளில் பயன்படும் நான்கு இருக்கைச் சிறு விமானம், ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தூரம் இவ்வாறு சறுக்க வல்லது. அதற்குள் விமானி ஒரு திறந்த வெளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் இருந்தால் எரிபொருள் வால்வு, மின்பொறி ஆகியவற்றைச் சோதித்து மீண்டும் இயக்க முயல வேண்டும். வானொலியில் மேடே என்னும் அபாயச் சொல்லை மூன்று முறை கூறி உதவி கோர வேண்டும். முதலில் பறத்தலைக் காத்தல், பிறகு வழியைக் காணுதல், அதன் பிறகே செய்தி கூறுதல். இவ்வரிசையை உலகெங்கும் விமானிகள் மனப்பாடமாகப் பயில்கின்றனர். பதற்றத்தில் இவ்வரிசையை மாற்றியவர் பலர் மீளவில்லை.

சதர்ன் கிராஸில் நடந்ததும் இதுவே. கெட்ட இயந்திரத்தை நிறுத்தினர், விமானத்தைப் பறக்க வைத்தனர், கரை நோக்கித் திருப்பினர், செய்தி அனுப்பினர், கையில் உள்ளதைக் கொண்டு இல்லாததை ஈடு செய்தனர். ஒரு குடுவையும் ஒரு தோல்பெட்டியும் மூன்று உயிரைக் காத்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிங்ஸ்போர்டு சிமித்தின் பெயரை உலகம் அறியும். டெய்லரைச் சிலரே அறிவர். தோல்பெட்டியை ஏந்திய ஸ்டானேஜை அறிந்தோர் மிகச் சிலர். ஆனால் அம்மூவரில் ஒருவர் இல்லாவிடினும் மற்ற இருவரும் இல்லை. தோட்டத்திலும் ஆலையிலும் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் இருக்கலாம். சக்கரம் சுழல்வது எண்ணெய் ஊற்றும் கையால். அக்கையை உடையவர்கள் நம் பெற்றோர்கள். பிள்ளைகள் இதனை என்றும் மறத்தலாகாது.

அடுத்த முறை விமானம் தலைக்கு மேலே செல்லும்போது, மாணவ மணிகளே, அண்ணாந்து பாருங்கள், தவறில்லை. அதனுள்ளே விமானி மட்டுமன்று, அவரோடு பணிபுரிவோரும், புறப்படுமுன் ஒவ்வொரு திருகையும் சோதித்துத் தரையில் நிற்பவரும் இருக்கின்றனர் என்று எண்ணுங்கள். பின்னர் மணி அடித்ததும் வகுப்புக்கு வந்துவிடுங்கள். நாளைய விமானியும் நாளைய இயந்திர வல்லுநரும் உங்களுள் இருக்கக்கூடும். அவர்கள் இன்று செய்ய வேண்டிய வேலை, கணக்கைக் கவனமாகப் போடுவதும் கருவியைத் துடைத்து வைப்பதும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கை கொடுப்பதுமே.